மதுரை மாசி வீதிக்குள்ள புதுசா குடிவர்றவங்களுக்கு: எந்த வீதி, எந்த நேரம், எந்தக் கடை

வேலை மாறியோ கல்யாணம் ஆகியோ மதுரைக்கு வந்து, மீனாட்சி அம்மன் கோயிலச் சுத்தியிருக்கிற பழைய டவுனுக்குள்ள வீடு பிடிச்சவங்களுக்காக இத எழுதுறேன். நான் வந்த புதுசுல ஒரு கிலோ துவரம்பருப்புக்கும் ஒரு ரவிக்கை தைக்கிறதுக்கும் அலையா அலைஞ்சிருக்கேன், யாரக் கேட்டாலும் "அங்கிட்டுப் போங்க"ன்னு கையக் காட்டுவாங்க, அந்த அங்கிட்டு எங்கன்னு தெரியாது. இங்க எல்லாமே கிடைக்கும், நடக்கிற தூரத்துலயே கிடைக்கும், ஆனா எந்தச் சாமான் எந்த வீதியில, எத்தன மணிக்குங்கிற கணக்கு பிடிபடுற வரைக்கும் இந்த டவுன் நமக்குத் திறக்காது. பாதிப் பேர் அதுக்குள்ள சலிச்சுப்போய் மால்லயும் ஆன்லைன்லயும் வாங்க ஆரம்பிச்சிடுறாங்க, கோயில் வாசல்ல குடியிருந்துக்கிட்டு டெலிவரிக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதப் பாத்தா எனக்கு மனசு கேக்கல.

1. முதல்ல வீதிக் கணக்கப் பிடிங்க

கோயிலுக்கு வெளிய முதல் சுத்து சித்திரை வீதி, அடுத்தது ஆவணி மூல வீதி, அதுக்கு வெளிய மாசி வீதி, கடைசியா வெளி வீதி. ஒவ்வொரு சுத்துக்கும் நாலு பக்கம், கிழக்குப் பக்கத்த கீழன்னும் மேற்க மேலன்னும் சொல்வாங்க. கீழமாசி வீதின்னா கிழக்குப் பக்கம், மேலமாசி வீதின்னா மேற்கு, அதாவது ரயில்வே ஸ்டேஷன் பக்கம். ஆட்டோக்காரர்கிட்ட "மாசி வீதி"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா எந்த மாசி வீதின்னு கேப்பாரு, நாலுக்கும் நடுவுல நல்ல தூரம் இருக்கு. சுத்துகளுக்கு ஊடால மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு இன்னும் சிலது ஓடும், அத அப்புறம் பழகிக்கலாம்.

குழம்பிப்போனா தலையத் தூக்கி கோபுரத்தப் பாருங்க. பெரிய கோபுரம் நாலுல உயரமானது தெற்குக் கோபுரம், அத வச்சு திசையக் கண்டுபிடிச்சுக்கலாம். சந்துக்குள்ள மேப் சுத்தி விடும், கோபுரம் விடாது.

வீட்டு நம்பர நம்பி யாரையும் வரச் சொல்லாதீங்க. பழைய நம்பர், புது நம்பர் ரெண்டும் இருக்கும். பக்கத்துல இருக்கிற கோயில் பேரோ கடை பேரோ சேத்துச் சொன்னாத்தான் சிலிண்டர்காரர்கூட வந்து சேருவாரு.

2. வண்டிய வெளிய விடுங்க

சித்திரை வீதிகள்ல வண்டிக்கு அனுமதி இல்ல, நடைதான், முடியாதவங்களுக்கு பேட்டரி கார் ஓடும். ஆவணி மூல வீதியிலயும் மாசி வீதியிலயும் கார் கொண்டுபோகலாம், ஆனா நிறுத்த இடம் கிடைக்காது. வடக்கு ஆவணி மூல வீதியில பல அடுக்கு பார்க்கிங் இருக்கு, வெளியூர்லேருந்து யாராவது கார்ல வந்தா அங்க விடச் சொல்லுங்க. தினப்படிக்கு டூவீலர் போதும். வீடு பாக்கும்போதே டூவீலர் எங்க நிக்கும்னு கேளுங்க, பழைய வீடுகள்ல வாசல்படி உயரமா இருக்கும், உள்ள ஏத்த முடியாது, ராத்திரி சந்துலயே விடவேண்டி வரும்.

ஊருக்குள்ள போக பெரியார் பஸ் ஸ்டாண்ட் நடக்கிற தூரம். வெளியூர் பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணி, இல்லன்னா ஆரப்பாளையம். ரெண்டு பக்கமும் வேற வேற ஊர் பஸ் நிக்கும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி எந்த ஊருக்கு எங்க ஏறணும்னு கேட்டுக்கங்க, ரெண்டும் டவுனுக்கு எதிரெதிர்ப் பக்கம்.

3. பேப்பர் வேலை

இத முதல் மாசமே முடிச்சிடுங்க, நூலகத்துலேருந்து கேஸ் வரைக்கும் எல்லாத்துக்கும் அட்ரஸ் புரூஃப் கேப்பாங்க.

வாடகை அக்ரிமென்ட் எழுத்துல போடுங்க. பழைய டவுன்ல "வாய்ப்பேச்சே போதும் தம்பி"ன்னு சொல்ற ஓனர்ங்க நிறைய, நல்லவங்களாத்தான் இருப்பாங்க, ஆனா தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியிலேருந்து நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதப் போட்டு 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அதுக்குன்னு அரசு இணையதளமே இருக்கு. வேற மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாதுன்னும் அந்தச் சட்டத்துல இருக்கு, இத மரியாதையா எடுத்துச் சொல்லலாம்.

அக்ரிமென்ட் கைக்கு வந்ததும் ஆதார் அட்ரஸ மாத்துங்க, அதுக்கப்புறம் கேஸ், ரேஷன் கார்டுன்னு வரிசையாப் போங்க, வரிசைய மாத்தினா ரெண்டு தடவ அலையணும். வெளியூர்லேருந்து வர்றவங்க பழைய ஏஜென்சியில சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் குடுத்து அதுக்கான சீட்ட வாங்கிட்டு வாங்க, அது இல்லன்னா இங்க புது கனெக்‌ஷன் மாதிரிதான் நடத்துவாங்க.

குழாய்த் தண்ணி எந்தக் கிழமை எத்தன மணிக்கு வரும்னு ஓனர்கிட்ட கேக்காதீங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க.

4. மளிகை: கீழமாசி வீதி

பருப்பு, புளி, வத்தல், எண்ணெய், மசாலா சாமான், எல்லாத்துக்கும் மொத்த வியாபாரம் கீழமாசி வீதியிலயும் அத ஒட்டின சந்துகள்லயும். முதல் தடவ போனீங்கன்னா மூட்டைகளுக்கு நடுவுல நிக்கவே கூச்சமா இருக்கும், நமக்கெல்லாம் சில்லறைக்குக் குடுப்பாங்களான்னு தோணும். நிறையக் கடையில குடுப்பாங்க. ஆனா கால் கிலோ, அரைக் கிலோன்னு கேட்டா மதிக்க மாட்டாங்க, மாசச் சாமானா ஒரே லிஸ்ட் எழுதி நீட்டினா உக்கார ஸ்டூல் போடுவாங்க. ரெண்டு மூணு வீட்டுக்காரங்க சேந்து வாங்கிப் பிரிச்சுக்கிறது இன்னும் லாபம், எங்க சந்துல அப்படித்தான் செய்யிறோம்.

போற நேரம் முக்கியம். காலையில லோடு இறங்குற சமயத்துல போனா யாரும் உங்களக் கவனிக்க மாட்டாங்க, மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கொஞ்சம் ஓய்வா இருப்பாங்க, அப்பப் போங்க. ஞாயித்துக்கிழமை மொத்தக் கடைங்க பெரும்பாலும் அடைச்சிருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க, அதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருங்க.

ஏமாறுற இடங்கள் சிலது சொல்றேன். பருப்புல ரகம் இருக்கு, முதல் ரகம் ரெண்டாம் ரகம்னு விலை மாறும், விலைய மட்டும் கேட்டுட்டு வந்திடாதீங்க, ரெண்டையும் கையில அள்ளிப் பாருங்க, தூசும் உடைசலும் எவ்வளவுன்னு தெரியும். வத்தல் வாங்கினா உடைச்சுப் பாருங்க, ஈரம் இருந்தா எடையில நஷ்டம் நமக்குத்தான். புளி புதுசா பழசான்னு கேளுங்க, குழம்புக்குப் பழசுதான் நல்லாருக்கும்னு வீட்ல பெரியவங்க சொல்வாங்க, ஆனா புதுப் புளிக்குத்தான் வரத்து நேரத்துல விலை குறையும். எலக்ட்ரானிக் தராசுல தட்டு வச்சதும் பூஜ்யம் காட்டுதான்னு பாத்துட்டு அப்புறம் சாமானப் போடச் சொல்லுங்க.

அரிசி மூட்டை இப்ப 26 கிலோவா இருக்கேன்னு ஆச்சரியப்படாதீங்க. 2022 ஜூலையில 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்துச்சு, அதுக்கு மேல இருந்தா கிடையாது, அதனாலதான் ஒரு கிலோ கூடிப்போச்சு. விலைய ஒப்பிடும்போது கிலோ கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு கடையில 25, இன்னொரு கடையில 26ன்னு இருந்தா மூட்டை விலைய மட்டும் பாத்தா தப்பாயிடும்.

ஒரே கடையா பிடிச்சுக்கங்க. நாலஞ்சு மாசம் தொடர்ந்து வாங்கினா அண்ணாச்சியே "இந்த வாட்டி துவரை வேணாம், அடுத்த வாரம் புதுச் சரக்கு வருது"ன்னு சொல்வாரு. அது எந்த ஆப்லயும் வராது.

5. காய், பழம், பூ

முன்னாடி கோயில் பக்கத்துலயே இருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போயிடுச்சு, அதனால தினப்படி காய்க்கு தள்ளுவண்டியும் சந்து முனைக் கடையும்தான். விலை தெரியணும்னா வாரம் ஒரு தடவ அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போயிட்டு வாங்க, 1999 நவம்பர் 14ல தமிழ்நாட்டுலயே முதல்ல திறந்த உழவர் சந்தை அதுதான், அன்னன்னைக்கு விலைய போர்டுல எழுதிருப்பாங்க. அந்த விலை மனசுல இருந்தா தள்ளுவண்டியில ரெண்டு ரூபா கூடப் போறது நியாயம்னு தெரியும், பத்து ரூபா கூடப் போனா கேக்கலாம். ஆனா பாட்டிகிட்ட கீரைக் கட்டுக்குப் பேரம் பேசாதீங்க. பழத்துக்கு யானைக்கல், சிம்மக்கல் பக்கம்.

மல்லிகைக்கு விலைன்னு ஒண்ணு நிலையா கிடையாது. கோடையில வரத்து கொட்டும், மலிவா கிடைக்கும், மார்கழி தை குளிர்ல பூக்கிறது குறைஞ்சு விலை எங்கயோ போயிடும், முகூர்த்த நாள்ல அதுக்கும் மேல. வீட்ல விசேஷம்னா தேதி முகூர்த்த நாளான்னு காலண்டர்ல பாத்துட்டு முன்னாடியே பூக்காரம்மாகிட்ட சொல்லி வைங்க, நிறைய வேணும்னா விடியக்காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயி கிலோ கணக்குல வாங்கி வீட்லயே கட்டிக்கிறது பாதிச் செலவு மிச்சம். தலைக்கு வாங்கினா மொட்டா பாத்து வாங்குங்க, சாயந்திரம் மொட்டா இருக்கிறதுதான் ராத்திரி விரியும். முழம் அளக்கிறது கைக்குக் கை மாறும், ஒரே பூக்காரம்மாகிட்ட வாங்கினா அவங்களே ஒரு சாண் கூட விட்டுத் தருவாங்க.

6. சாப்பாடு: கடையப் பாக்காதீங்க, கடிகாரத்தப் பாருங்க

காலையில தள்ளுவண்டியில பருத்திப்பால். பருத்திக்கொட்டைய ஆட்டிப் பால் எடுத்து கருப்பட்டியோ வெல்லமோ சுக்கோ போட்டுக் காய்ச்சுறது, சூடா ஒரு டம்ளர் குடிச்சா பத்து மணி வரைக்கும் பசிக்காது. வெயில் ஏறினதும் வண்டி இருக்காது.

டிபனுக்கு மேலச் சித்திரை வீதியில கோபு ஐயங்கார் கடை, வெள்ளையப்பத்துக்குப் பேர் போனது. அது டிபன் கடை, மதியச் சாப்பாட்ட எதிர்பாத்துப் போகாதீங்க. மேலமாசி வீதியில முருகன் இட்லிக் கடை எல்லாருக்கும் தெரியும், வெளியூர்க்காரங்க கூட்டமும் அங்கதான், சொந்தக்காரங்க வந்தாக் கூட்டிட்டுப் போறதுக்குச் சரி. தினமும் சாப்பிடுறதுக்கு உங்க சந்து முனையில அடுப்பு வச்சிருக்கிற அக்காவோட இட்லியத் தேடுங்க, நாலு சட்னியும் ஊத்திக் குடுப்பாங்க, பாத்திரம் கொண்டுபோனா சாம்பார் கூடவே விழும்.

வெயில்ல விளக்குத்தூண் போயி ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம், இதுதான் அடிப்படை. அந்தப் பேர்ல நிறையக் கடை இருக்கு, போர்டப் பாத்து ஏமாறாம கீழ மாரட் வீதிப் பக்கம் போயி, எந்தக் கடையில ஜவுளிக்கடைப் பையனுங்க நின்னு குடிக்கிறாங்கன்னு பாத்து அங்க நில்லுங்க. முதல் தடவ சின்ன கிளாஸே போதும், திகட்டும்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பிரேமா விலாஸ்ல சூடா அல்வா. ஊருக்குப் போறப்ப வாங்குறதா இருந்தா ரயில் நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போங்க, வரிசை இருக்கும்.

ராத்திரி கறி தோசை சாப்பிடணும்னா சிம்மக்கல் கோனார் கடை. தோசை மேல முட்டை, அதுக்கு மேல கறி, ஒண்ணு முழுசா சாப்பிட்டா போதும், வீட்டுக்குத் தெரியாம ரெண்டாவது சொல்லாதீங்க. ரம்ஜான் மாசத்துல சாயந்திரம் காஜிமார் தெருப் பக்கம் நடந்து பாருங்க, நோன்பு திறக்கிற நேரத்துல அந்தத் தெருவே வேற மாதிரி இருக்கும். தூங்கா நகரம்னு பேரு, நடுராத்திரி ரயில்ல வந்து இறங்கினாலும் சூடா இட்லி கிடைக்கும்.

சில்லறை வச்சுக்கங்க. ஜிபே எல்லா இடத்துலயும் இருக்கு, ஆனா கூட்ட நேரத்துல நெட் சுத்திக்கிட்டே நிக்கும், பின்னாடி நிக்கிறவரு முறைப்பாரு.

7. நகையும் பாத்திரமும்

நகைக்கு தெற்கு ஆவணி மூல வீதி. பெரிய ஷோரூமும் உண்டு, தலைமுறை தலைமுறையா உக்காந்திருக்கிற சின்னக் கடையும் உண்டு. சின்னக் கடையில செய்கூலி சேதாரம் பேசிக் குறைக்கலாம், ஆனா பேப்பர விட்டுக்குடுக்காதீங்க. 2023 ஏப்ரல் 1லேருந்து ஹால்மார்க் நகையில எச்யுஐடிங்கிற ஆறு இலக்க எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு கட்டாயம். பிஐஎஸ் கேர் ஆப்ப போன்ல போட்டுக்கிட்டு அந்தக் குறியீட்ட கடையிலயே அடிச்சுப் பாருங்க, நகை என்ன வகை, என்ன தரம்னு காட்டும், கையில இருக்கிறதோட ஒத்துப்போகணும். ரெண்டு லட்சத்துக்கு மேலன்னா பான் கார்டு கேப்பாங்க, ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா குடுக்கவும் முடியாது, அதனால கார்டையும் பேங்க் லிமிட்டையும் முந்தின நாளே பாத்துக்கங்க. பில்லுல எடை, கேரட், செய்கூலி, சேதாரம், 3% ஜிஎஸ்டி தனித்தனியா இருக்கணும். "பில் வேணாம்னா வரி மிச்சம்"னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்திடுங்க, நாளைக்கு அத மாத்தப் போனாலும் விக்கப் போனாலும் உங்க பக்கம் ஒண்ணும் இருக்காது.

பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு. பித்தளை, வெண்கலம், செம்பு எல்லாம் எடைக்கு விலை. பழசக் குடுத்துப் புதுசு எடுக்கிறப்ப பழசுக்குக் கிலோ என்ன விலை போடுறாங்க, கழிவு எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க, புதுசோட விலையப் பேசி முடிச்சதுக்கப்புறம் கேட்டா குறைச்சுத்தான் சொல்வாங்க. சமையலுக்குப் பித்தளைன்னா ஈயம் பூசிக் கேளுங்க. பேர் வெட்டித் தருவாங்க, எழுத்தப் பேப்பர்ல எழுதிக் குடுங்க, வாயால சொல்லாதீங்க.

8. துணி, தையல், சுங்குடி

புது மண்டபத்துல வரிசையா தையல் மிஷின் ஓடினத நிறையப் பேர் சொல்லக் கேட்டிருப்பீங்க. இப்ப அங்க தேடாதீங்க, அந்தக் கடைங்க குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு. துணிய எடுத்துட்டுப் போனா அளவு எடுத்து வேகமா தைச்சுத் தருவாங்க, சுடிதார், பாவாடை, பையனுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் எதுவானாலும். நல்லாப் பொருந்துற பழைய உடுப்பு ஒண்ணக் கையோட கொண்டுபோங்க, டேப் அளவ விட அதுதான் நம்பிக்கை. கூலிய முன்னாடியே பேசுங்க, லைனிங், ஓரம் அடிக்கிறது, ஹூக் எல்லாம் சேத்தா சேக்காமலான்னு கேளுங்க, சண்டை வர்றது எப்பவும் அதுலதான். சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னாடி அங்க போய் அவசரப்படுத்தாதீங்க, அழகர் வேஷம் கட்டுறவங்களுக்கு உடுப்பு தைக்கிற வேலை குவிஞ்சிருக்கும்.

ஜவுளிக்கு விளக்குத்தூணும் தெற்கு மாசி வீதியும்.

சுங்குடிச் சேலை இங்க சௌராஷ்டிர மக்களோட கைவேலை, 2005ல புவிசார் குறியீடு வாங்கினது. கடையில நிறைய இருக்கிறது மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்ட்டும், அதுல தப்பில்ல, மலிவா இருக்கும், வெயிலுக்கு இதம், தினமும் கட்டலாம். ஆனா கைமுடிச்சுன்னு சொல்லி அச்சு விலைக்கு மேல வாங்கினா பாத்து வாங்குங்க. கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்தினதுல புள்ளிகள் ஒண்ணுக்கொண்ணு லேசா மாறும், முடிச்சு இருந்த இடத்துல துணி சுருங்கி மேடா தெரியும், தடவினா கைக்குத் தட்டும். அச்சுல எல்லாப் புள்ளியும் ஒரே அச்சா தட்டையா இருக்கும். முடிச்சு போட்ட சேலை ஒண்ணுக்கு எத்தனையோ ஆயிரம் முடிச்சு பொம்பளைங்க உக்காந்து போடுறாங்க, அதுக்கு விலை கேட்டா குடுக்கலாம். எதுவா இருந்தாலும் முதல் தடவ தனியா உப்புத் தண்ணியில அலசுங்க, சாயம் போகும்.

9. கோயில் பக்கத்து வீடுங்கிறத அனுபவிங்க

டூரிஸ்ட் மாதிரி ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரிசையில நிக்காதீங்க. விடியக்காலையில நடை திறந்த உடனே போங்க, இல்லன்னா ராத்திரி பள்ளியறைப் பூஜைக்குப் போங்க. மதியம் நடை சாத்திருவாங்க, சாயந்திரம் நாலு மணிக்குத்தான் திறக்கும், நடுவுல விருந்தாளியக் கூட்டிட்டுப் போயி வெயில்ல நிக்க வைக்காதீங்க. பொது தரிசனத்துக்குக் காசு கிடையாது, சிறப்பு தரிசனத்துக்கு 50 ரூபாய், 100 ரூபாய்னு டிக்கெட், சாதாரண நாள்ல காலையில அது தேவையே படாது. 2018லேருந்து உள்ள செல்போன் கொண்டுபோக முடியாது. நமக்கு வீடு பக்கத்துல, போன வீட்லயே வச்சுட்டுப் போங்க, கவுன்ட்டர்ல குடுத்து வாங்குற வரிசையே இல்ல. அரை டிராயர் போட்டா உள்ள விட மாட்டாங்க.

சாமி கும்பிடணும்னு இல்ல, சாயந்திரம் கோயில் மதிலுக்குள்ளயே இருக்கிற ஆடி வீதியில உக்காரலாம், நாலு சித்திரை வீதியையும் ஒரு சுத்து நடக்கலாம். டவுனுக்குள்ள குழந்தைங்கள கைய விட்டு ஓட விடுற இடம் எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

10. நூலகம்

சிம்மக்கல்ல மாவட்ட மைய நூலகம். ஆதார் நகல், இப்போதைய அட்ரஸ் புரூஃப், போட்டோ கொண்டுபோங்க, சின்ன டெபாசிட்டும் வருஷச் சந்தாவும்தான் செலவு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க இருந்தா நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில திறந்தது, உக்காந்து படிக்க இடம் தாராளமா இருக்கு, குழந்தைங்களுக்குத் தனிப் பகுதி உண்டு.

11. திருவிழா நாளுக்கு முன்கூட்டியே தயாராகுங்க

வருஷம் பூரா ஏதாவது ஒரு திருவிழா ஓடிக்கிட்டே இருக்கும், சாமி வீதி சுத்தும், உங்க வாசல் வழியாவே போகும், அதுக்காகவே இங்க குடியிருக்கலாம். பெருசு சித்திரைத் திருவிழா, ஏப்ரல் மே வாக்குல. மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் மாசி வீதிகள்ல தேரோட்டம், அதத் தொடர்ந்து சித்ரா பௌர்ணமிக்கு அழகர் வைகை ஆத்துல இறங்குறது. அந்த நாள்கள்ல டவுனுக்குள்ள வண்டி வராது, ஆட்டோ வெளி வீதியோட நின்னுடும்.

அதனால முந்தின நாளே வண்டிய டவுனுக்கு வெளிய தெரிஞ்சவங்க வீட்ல விட்டுருங்க. சிலிண்டர் தீர்ற மாதிரி இருந்தா ஒரு வாரம் முன்னாடி புக் பண்ணுங்க. வயசானவங்களுக்கு மாத்திரை ரெண்டு வாரத்துக்குச் சேத்து வாங்கிடுங்க, டாக்டர் அப்பாயின்மென்ட் இருந்தா தள்ளிப் போடுங்க. ஊர்லேருந்து சொந்தக்காரங்க கண்டிப்பா வருவாங்க, பாய் தலகாணி போதுமான்னு பாத்துக்கங்க, ரயில் டிக்கெட்ட அவங்க முன்னாடியே போட்டுக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க. தேர் பாக்க மாடி வேணும்னா மாசி வீதியில கடை வச்சிருக்கிறவங்ககிட்ட முதல்லயே கேளுங்க. மாசா மாசம் சாமான் வாங்குற அந்த அண்ணாச்சியோட கடை மாடி இருந்தா "வாங்க தம்பி, பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க"ன்னு அவரே சொல்வாரு. தேர் காலையிலயே கிளம்பிடும், வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி மாடிக்குப் போயிடுங்க, தண்ணி பாட்டிலும் குடையும் எடுத்துக்கங்க, நிலைக்கு வர்ற வரைக்கும் கீழ இறங்க வழி கிடைக்காது.